கடையில் கிடைக்காத உராய்வு

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறிச் செல்லும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு என்பதும், அவற்றையெல்லாம் ஏறி முடித்தவன் தன் வாகனத்தின் குணதோஷங்களை வேறு எந்தப் பரிசோதனையும் இல்லாமலேயே தெரிந்துகொண்டுவிடுவான் என்பதும் அந்தப் பக்கத்து மனிதர்களுக்குப் பழகிப்போன விஷயங்கள். எனக்கு அந்த ஞானம் மூன்றில் ஒரு பங்கு வழியைக்கூடக் கடக்கு முன்பே கிட்டிவிட்டது. ஆக்ஸிலரேட்டரைத் திருகத் திருக என் மோட்டார் சைக்கிளின் எஞ்சின் உறுமியதே தவிர, வண்டியின் வேகம் அதற்கு நேர்விரோதமாகக் குறைந்துகொண்டே வந்து, ஒரு வளைவின் நடுவில், அத்தனை கர்ஜனையும் வீணாக, நின்றே போயிற்று. கருகிய நாற்றம் ஒன்று மெல்ல எழுந்தது. இதில் எனக்கு ஏற்பட்ட வியப்புக்குக் காரணம், மூன்று வாரங்களுக்கு முன்புதான், நானே கடைக்குப் போய், விலையுயர்ந்தவையாகப் பார்த்துக் கிளட்ச் பிளேட்டுகளை வாங்கிக் கொடுத்துப் புதிதாக மாற்றியிருந்தேன் என்பதே.

இறக்கத்தின் தயவால் உருண்டு அடிவாரம் வந்து சேர்ந்த என்னை விசாரித்த மெக்கானிக் ஒருவர், வயதில் மூத்தவர், வண்டியைத் தொடாமலேயே, பீடியை அணைத்துவிட்டு, "பிளேட்டு மாத்துனீங்க, சரிங்க. ஸ்பிரிங்கை அளந்து பாத்தீங்களா? ஸ்டீல் பிளேட்டு எப்படி இருந்துச்சு? எண்ணெய் என்னங்க ஊத்துனீங்க?" என்று மூன்று கேள்விகள் கேட்டார். மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விகள் ஏன் கேட்கப்பட்டன, அவற்றுள் பொதிந்துள்ள விஞ்ஞானம் எத்தகையது, கிளட்சைப் பிரித்துச் சீர்செய்யப் புகுகிறவன் எந்தெந்த உறுப்பை எந்த ஆதாரத்தின் பேரில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பவற்றைப் பிற்பாடு நிதானமாகச் சிந்தித்தபோது தெளிந்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

மோட்டார் சைக்கிள் தோன்றிய ஆதிகாலத்தில் கிளட்ச் என்ற உறுப்பே பல வண்டிகளில் இல்லை. எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்கு ஒரு தோல் பெல்ட் நேரே ஓடும். ஓட்டுகிறவர் வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடி, எஞ்சின் உயிர்பெற்றவுடன் தாவி ஏறிக்கொள்வார். சந்தியில் நிற்க வேண்டுமானால் எஞ்சினையே நிறுத்திவிட்டு மறுபடியும் ஓட்டப்பந்தயம் தொடங்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினின் சுபாவம் அப்படி. நிமிஷத்துக்கு ஓராயிரம் சுற்றுக்கு அருகிலாவது சுழன்றால்தான் அது உயிரோடிருக்கும். சக்கரமோ ஓய்விலிருந்து, அதாவது பூஜ்யத்திலிருந்து, தொடங்கியாக வேண்டும். சுழல்கின்ற ஒன்றையும் சுழலாத ஒன்றையும் முறிவு நேராமல் இணைத்து வைக்க வேண்டுமானால், சிறிது நேரம் வழுக்கி, வழுக்கிக்கொண்டே பிடித்து, கடைசியில் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும் ஒரு மத்தியஸ்தன் வேண்டும். அந்த மத்தியஸ்தனே கிளட்ச். ஆகவே வழுக்குதல் என்பது கிளட்சுக்குக் கடமையும் ஆகும், குற்றமும் ஆகும். புறப்படும்போது சில விநாடிகள் வழுக்கினால் அது கடமை, மலைப்பாதையில் வழுக்கினால் அது குற்றம்.

இந்தக் கடமைக்கும் ஒரு விலை உண்டு. எஞ்சின் ஒரே வேகத்தில் சுழன்றுகொண்டிருக்க, வண்டி அதன் வேகத்துக்கு வந்து சேரும் வரையில், வண்டி பெறுகின்ற இயக்க சக்திக்குச் சமமான சக்தி கிளட்சுக்குள் உஷ்ணமாகக் கழிந்தே தீரும் என்பது யந்திரவியலின் விதி. ஓட்டுகிறவரும் வண்டியும் சேர்ந்து 250 கிலோகிராம் என்றும், கிளட்ச் முழுவதும் பிடித்துக்கொள்ளும்போது வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், ஒவ்வொரு புறப்பாட்டிலும் ஏறக்குறைய 2,170 ஜூல் உஷ்ணம் பிறக்கிறது. உள்ளேயிருக்கும் அரைக் கிலோகிராம் எஃகுத் தகடுகள் மட்டுமே அதை வாங்கிக்கொள்வதானால், அவற்றின் உஷ்ணநிலை ஒரு புறப்பாட்டுக்கு 9 டிகிரி உயரும். இது கடமையின் விலை. குற்றத்தின் விலை இதைவிடக் கொடியது. 10 கிலோவாட் சக்தியைக் கடத்துகின்ற கிளட்ச் மேட்டில் பத்தில் ஒரு பங்கு வழுக்கினால், 1,000 வாட் உஷ்ணம், அதாவது துணிக்குப் பெட்டி போடுகிற மின்சார இஸ்திரிப் பெட்டி ஒன்றின் முழு உஷ்ணம், விடாமல் அந்தச் சிறு கூட்டுக்குள் எரிகிறது. எனக்கு எட்டிய கருகல் நாற்றத்தின் வரலாறு இதுதான்.

இனி அந்தக் கூட்டைத் திறந்து பார்ப்போம். எஞ்சினின் கிராங்க் தண்டினால், பல்சக்கரத்தின் மூலமாகவோ சங்கிலியின் மூலமாகவோ சுழற்றப்படும் கிண்ணம் போன்ற உறுப்பை ஹவுசிங் என்று பட்டறைகளில் சொல்வார்கள். அதன் சுவரிலுள்ள நீண்ட வெட்டுகளில், தம் வெளிவிளிம்பிலுள்ள காதுகளைச் செருகிக்கொண்டு, உராய்வுப் பொருள் ஒட்டிய கிளட்ச் பிளேட்டுகள் அமர்ந்திருக்கும். கிண்ணத்தின் நடுவே, கியர் பெட்டியின் தண்டில் பொருந்திய ஹப் என்ற உறுப்பு. அதன் பற்களில், தம் உள்விளிம்புப் பற்களைக் கோத்துக்கொண்டு, வழவழப்பான எஃகுத் தகடுகள். கிளட்ச் பிளேட் ஒன்று, ஸ்டீல் பிளேட் ஒன்று என்று மாற்றி மாற்றி அடுக்கி, மேலே பிரஷர் பிளேட்டை வைத்து, நாலைந்து சுருள் ஸ்பிரிங்குகளால் இறுக்கியிருப்பார்கள். கைப்பிடியை இழுத்தால் ஸ்பிரிங்குகள் அமுங்கி அடுக்கு தளர்கிறது. விட்டால் ஸ்பிரிங்குகள் அடுக்கை நெருக்குகின்றன, உராய்வு பிறக்கிறது, எஞ்சினும் சக்கரமும் ஒன்றாகின்றன.

இத்தனை தட்டுகள் எதற்கு என்று கேட்பது நியாயமான கேள்வி. பிரெஞ்சு விஞ்ஞானியான அமோன்டோன் 1699-ஆம் ஆண்டில் எடுத்துரைத்ததும், அவருக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே லியோனார்டோ டா வின்சி தம் குறிப்புப் புத்தகங்களில் எழுதி வைத்திருந்ததும், பதினெட்டாம் நூற்றாண்டில் கூலோம் விரிவான பரிசோதனைகளால் வலியுறுத்தியதுமான உராய்வு விதி, உராய்வு விசை நெருக்கும் விசையைப் பொறுத்ததேயன்றித் தொடும் பரப்பின் விஸ்தீரணத்தைப் பொறுத்ததன்று என்று சொல்கிறது. பரப்பினால் லாபமில்லை என்றால் தட்டுகளைப் பெருக்குவதில் என்ன லாபம்? ஒரு சீட்டுக்கட்டை இரு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து அழுத்திப் பாருங்கள். நாம் கொடுக்கும் அழுத்தம் சீட்டுகளுக்குள் பங்கிடப்பட்டுக் குறைந்துவிடுவதில்லை; ஒவ்வொரு சீட்டுக்கும் அடுத்த சீட்டுக்கும் நடுவே அதே அழுத்தம் முழுமையாக நிலவுகிறது. ஒரே செலவை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் முழுத் தொகையாகக் கொடுக்க முடிகிற விசித்திரமான வரவுசெலவு இது. தட்டுகளின் இடைவெளிகள் பத்தானால், ஒரே ஸ்பிரிங் விசை பத்து முறை வேலை செய்கிறது. அதனால்தான் உள்ளங்கையளவுள்ள தட்டுகளும், விரலால் இழுக்கக்கூடிய ஸ்பிரிங்குகளும் ஓர் எஞ்சினையே கட்டி வைக்கின்றன.

கிளட்ச் தாங்கக்கூடிய முறுக்குவிசை நான்கு எண்களின் பெருக்கமாகும்: உராயும் முகங்களின் எண்ணிக்கை, உராய்வுக் குணகம், ஸ்பிரிங்குகளின் மொத்த விசை, தட்டின் சராசரி ஆரம். கணக்கின் வசதிக்காக, ஐந்து கிளட்ச் பிளேட்டுகளின் பத்து முகங்கள், எண்ணெயில் நனைந்த நிலையில் உராய்வுக் குணகம் 0.12, ஐந்து ஸ்பிரிங்குகளும் சேர்ந்து 1,250 நியூட்டன், சராசரி ஆரம் 5 சென்டிமீட்டர் என்று கொள்வோம். பெருக்கினால் 75 நியூட்டன் மீட்டர் கிடைக்கிறது. எஞ்சின் தரும் உச்ச முறுக்குவிசை 25 நியூட்டன் மீட்டர் என்றும், கிளட்சை வந்தடையுமுன் அது பல்சக்கரத்தால் இரட்டிப்பாகிறது என்றும் வைத்தால், தேவை 50. ஒன்றரை மடங்கு கைவசம், கவலையில்லை. ஆனால் எண்ணெயின் குணத்தால் உராய்வுக் குணகம் 0.12-லிருந்து 0.08-ஆக இறங்கினால், 75 என்பது சரியாக 50-க்கு வந்து நிற்கும். அதோடு ஸ்பிரிங்குகளும் பத்தில் ஒரு பங்கு சோர்ந்திருந்தால் 45. சமவெளியில் எஞ்சினின் முழு விசையையும் நாம் அநேகமாகக் கேட்பதில்லையாதலால் இந்தப் பற்றாக்குறை வெளியே தெரியாது. கொல்லிமலை கேட்டது, தெரிந்துவிட்டது.

இந்த நான்கு எண்களுள் உராய்வுக் குணகம் என்பதுதான் நம்மில் பெரும்பாலோரை ஏமாற்றுவது. புளிப்பு புளியின் குணம், இனிப்பு வெல்லத்தின் குணம் என்பது போல, உராய்வையும் கிளட்ச் பிளேட்டின் குணம் என்று நாம் கருதிவிடுகிறோம்; ஆகவேதான் கடைக்காரரிடம் போய் "நல்ல பிளேட்" கேட்கிறோம். உராய்வோ ஒரு பொருளின் குணமே அன்று. இரண்டு பொருள்களுக்கு இடையே நிலவும் சம்பந்தத்தின் குணம். கேம்பிரிட்ஜில் ஆராய்ந்த பவுடன், டேபர் என்னும் இருவரும் 1950-இல் வெளியிட்ட நூலில் இதைத் தெளிவாக்கினார்கள். கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றும் முகமும் நுண்ணிய அளவில் மலைத்தொடராகவே இருக்கிறது. ஒரு மலைத்தொடரைக் கவிழ்த்து இன்னொன்றின்மேல் வைத்தால் சிகரங்கள் மட்டுமே தொடுவது போல, இரு முகங்களும் மெய்யாகத் தொடுகின்ற பரப்பு தோற்றப் பரப்பில் ஒரு சிறு பின்னமே. நெருக்கும் விசை கூடக் கூட அந்தச் சிகரங்கள் நசுங்கி மெய்ப்பரப்பு கூடுகிறது; உராய்வும் கூடுகிறது. அமோன்டோன் கண்ட விதியின் உட்பொருள் அதுதான். நசுங்குவது எவ்வளவு, ஒட்டுவது எவ்வளவு, இடையில் புகுந்த எண்ணெய் எவ்வளவு தடுக்கிறது என்பதெல்லாம் இரண்டு முகங்களும் எண்ணெயும் ஆகிய மூவரும் கூடித் தீர்மானிக்கிற காரியம்.

உராய்வுப் பொருள்களின் வியாபார சரித்திரமே இந்த ஜோடிப் பொருத்தத்திலிருந்துதான் தொடங்குகிறது. இங்கிலாந்தில் டெர்பிஷயர் பகுதியின் மேடு பள்ளமான சாலைகளில், குதிரை வண்டிக்காரர்கள் இறக்கத்தில் வண்டியைத் தடுக்கப் பழைய பூட்ஸ்களைப் பிரேக் கட்டைகளாக உபயோகித்ததைக் கவனித்த ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர், சக்கரத்தின்மீது நன்றாகப் பிடிக்கிற பொருளைத் தயாரித்து விற்கலாம் என்ற எண்ணத்தோடு 1897-இல் தொழில் தொடங்கினார். தம் பெயரின் எழுத்துகளையும் மனைவி எலிசபெத்தின் முதலெழுத்தையும் குலைத்துக் கோத்து அவர் சூட்டிய 'ஃபெரோடோ' என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. அதன் பிறகு தக்கை மரப்பட்டை, ஆஸ்பெஸ்டாஸ், பிசின் ஏற்றிய காகிதக் கலவை, 1965-இல் ஸ்டெஃபனி குவோலெக் என்ற ரசாயன விஞ்ஞானி கண்டுபிடித்த இழையிலிருந்து பிறந்த கெவ்லர் என்று பல பொருள்கள் வந்தன. ஒவ்வொன்றும் தனக்கேற்ற எதிர்முகத்தையும் எண்ணெயையும் உத்தேசித்துச் செய்யப்பட்டதே.

இனிக் கடைக்குப் போகலாம். ஆனால் போகுமுன் அளக்க வேண்டும். அளப்பதற்கும் முன்னால் கைப்பிடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கேபிளில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தளர்ச்சி இல்லாவிட்டால், ஓட்டுகிறவர் தம்மை அறியாமல் கிளட்சைச் சதா பாதி இழுத்துப் பிடித்தபடியே போய்க்கொண்டிருக்கிறார் என்று பொருள். அதைத் திருகிச் சரிசெய்யச் செலவு எதுவுமில்லை. அதைச் செய்யாமல் பிளேட் வாங்குவது, சட்டையின் பொத்தானைத் தவறிப் போட்டுவிட்டுத் தையல்காரரை நோவது போன்றது.

கிளட்ச் பிளேட்டின் கனத்தை வெர்னியர் அளவியால் பல இடங்களில் அளந்து, அந்த வண்டியின் சர்வீஸ் மானுவல் கூறும் கடைசி எல்லையோடு ஒப்பிட வேண்டும். ஒவ்வொரு பிளேட்டும் 0.3 மில்லிமீட்டர் தேய்ந்ததென்றால் அற்பமாகத் தோன்றும். ஐந்தும் சேர்ந்தால் அடுக்கின் உயரம் 1.5 மில்லிமீட்டர் குறைகிறது. ஸ்பிரிங்குகள் அத்தனை தூரம் தளர்ந்து நீள்கின்றன. பத்து மில்லிமீட்டர் அமுங்கியிருந்து 250 நியூட்டன் தந்த ஸ்பிரிங், எட்டரை மில்லிமீட்டர் அமுக்கத்தில் 212.5 நியூட்டனே தரும். நூற்றுக்குப் பதினைந்து நஷ்டம். தேய்மானம் பிளேட்டில் நிகழ்ந்தாலும் தண்டனை ஸ்பிரிங்கின் கணக்கில் விழுகிறது. கனம் எல்லைக்குள் இருந்தாலும், முகம் கண்ணாடிபோல் பளபளத்தால் அந்தப் பிளேட் உபயோகமற்றது. உஷ்ணத்தால் அதன் நுண்துளைகள் மூடிக்கொண்டுவிட்டன, எண்ணெயைப் பிழிந்து வெளியேற்ற அதனால் முடியாது. என்னுடைய மூன்று வாரப் பிளேட்டுகள் கனத்தில் ஏறக்குறையப் புதியனவாகவே இருந்தும், இந்தக் காரணத்தால் மறுபடியும் கழிக்கப்பட்டன. பழைய இருப்பிலிருந்து வரும் ஆஸ்பெஸ்டாஸ் பிளேட்டுகளை, மலிவாகக் கிடைத்தாலும், வாங்கலாகாது. அதன் தூசு சுவாசப்பையில் தங்கித் தீராத நோய்களை விளைவிக்க வல்லது. பழைய கிளட்சைப் பிரிக்கும்போது காற்றடித்துத் தூசு பறக்க விடாமல் ஈரத்துணியால் துடைப்பதே விவேகம்.

ஸ்டீல் பிளேட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது தேயாதே என்பது பொதுவான அபிப்பிராயம். உண்மையில் உராய்வு என்னும் தாம்பத்தியத்தில் மறுபாதி அதுவே. பட்டறையில் ஒரு தடித்த கண்ணாடித் துண்டின்மேல் அதைக் கிடத்தி, ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டை அடியில் செருகிப் பார்த்தால், உஷ்ணத்தால் அது கோணியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குக்குமேல் கோணினால் பெரும்பாலும் அது தள்ளுபடிதான். கோணிய தகடு, கைப்பிடியை இழுத்த பிறகும் பக்கத்துப் பிளேட்டை விடாது. கியர் போடும்போது வண்டி முன்னால் துள்ளும். நிறமும் சாட்சி சொல்லும். மெருகிட்ட எஃகு சூடேறும்போது 230 டிகிரி அளவில் வைக்கோல் நிறமும், 300 டிகிரியை நெருங்கும்போது மயில்கழுத்து நீலமும் கொள்ளும். ஆகவே நீலம் பாய்ந்த தகடு, தான் பட்ட உஷ்ணத்தைத் தானே எழுதி வைத்திருக்கிறது. என் வண்டியில் ஐந்தில் மூன்று நீலம் பாய்ந்தவை. புதுப் பிளேட்டுகளை நான் கட்டிக்கொடுத்தது இந்த நீலகண்டர்களோடு. மாற்றுத் தகடு வாங்குகையில் அதன் கனமும் மூலத்தின் கனமாகவே இருக்க வேண்டும். மெலிந்தால் அடுக்கு குறைந்து கிளட்ச் வழுக்கும், தடித்தால் அடுக்கு உயர்ந்து கிளட்ச் விடாது.

ஸ்பிரிங்கின் விஞ்ஞானத்தை வகுத்தவர் ராபர்ட் ஹூக். நீட்சி எவ்வளவோ விசையும் அவ்வளவு என்ற தம் கண்டுபிடிப்பை, பிறர் திருடிவிடுவார்களென்று அஞ்சி, 1676-இல் எழுத்துகளைக் குலைத்த புதிராக வெளியிட்டு, 1678-இல்தான் விடையை விளக்கினார். அந்த விதி எஃகு தன் பழைய நீளத்தை மறவாதிருக்கும் வரையில்தான் செல்லும். வருஷக்கணக்கில் அமுங்கியே கிடந்து, அடிக்கடி உஷ்ணமும் பட்ட ஸ்பிரிங் மெல்ல மெல்ல மறக்கிறது. அமுக்காத நிலையிலேயே அதன் நீளம் குறைந்துவிடுகிறது. என்னுடையவை புதியதைவிட 1 மில்லிமீட்டர் குட்டையாக இருந்தன. பத்தில் ஒரு பங்கு சோர்வு என்று மேலே கணக்கில் சொன்னது இதுவே. ஸ்பிரிங்குகளை எப்போதும் முழுத் தொகுதியாகவே மாற்ற வேண்டும். ஒன்று வலுத்து மற்றது சோர்ந்திருந்தால் பிரஷர் பிளேட் சாய்ந்து, தட்டுகள் ஒரு பக்கமாகத் தேயும். அதிக வலுவுள்ள ஸ்பிரிங்குகள் என்று விற்பவற்றிலும் ஒரு சூட்சுமம் உண்டு. விசை கூடும், வாஸ்தவம். கைக்கும், கேபிளுக்கும், தள்ளுதண்டுக்கும், அதன் பேரிங்குக்கும் அந்தப் பாரம் சேர்ந்தே கூடும். வேறொருவர் செய்த குற்றத்தை மறைக்க ஸ்பிரிங்கை வலுப்படுத்துவது நெடுநாள் நிற்பதில்லை.

ஹவுசிங்கின் வெட்டுகளை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அலுமினியக் கலவையாலான அதன் சுவரில், பிளேட்டின் காதுகள் மோதி மோதிப் படிக்கட்டுகள் போலப் பள்ளம் விழுந்திருக்கும். அந்தப் பள்ளங்களில் காதுகள் சிக்கிக்கொண்டால் தட்டுகள் தாராளமாக நகர முடியாமல் கிளட்ச் திடீர் திடீரென்று பிடிக்கும். லேசான தழும்பை அரத்தால் தேய்த்துவிடலாம். ஆழமானதைத் தேய்த்தால் வெட்டு அகன்று, மோதல் இன்னும் உக்கிரமாகும். ஆகவே அப்போது ஹவுசிங்கையே மாற்றுவதுதான் முறை. புதுப் பிளேட்டைத் தழும்பேறிய ஹவுசிங்கில் போடுவது, புதுக் கதவைக் கோணிய நிலையில் மாட்டுவதற்குச் சமம். பேக்கிங், நட்டின் கீழேயுள்ள லாக் வாஷர் போன்ற சிறு சாமான்களைப் பற்றி ஒரு வார்த்தை போதும்: ஒருமுறை நசுங்கியதும் மடக்கியதும் மறுமுறைக்கு ஆகா.

மூன்றாம் கேள்வியான எண்ணெய்க்கு வருவோம். எண்ணெய் வழுக்கவைப்பதற்கென்றே பிறந்தது, அதில் ஊறிக்கொண்டு கிளட்ச் பிடிப்பதெப்படி என்ற முரண்பாட்டுக்கு, ஜெர்மானியரான ஸ்ட்ரிபெக் 1902-இல் வெளியிட்ட ஆராய்ச்சி விடை தருகிறது. இரு முகங்களும் வேகமாக வழுக்கும்போது எண்ணெய்ப் படலம் அவற்றைப் பிரித்து மிதக்க வைக்கிறது. வேகம் தணிந்து நெருக்கம் கூடும்போது படலம் பிழியப்பட்டு, சிகரங்கள் தொடத் தொடங்குகின்றன. கடைசியில் எஞ்சுவது சிகரங்களைப் போர்த்திய மூலக்கூறுகளின் மெல்லிய பூச்சு மட்டுமே. அந்தப் பூச்சு எத்தகையது என்பதே கிளட்சின் தலைவிதி. பிளேட்டுகளில் காணும் பள்ளக் கோடுகள் பிழியப்பட்ட எண்ணெய் ஓடிப்போவதற்கான கால்வாய்கள். பூட்டுமுன் புதுப் பிளேட்டுகளை எண்ணெயில் ஊறவைப்பது, முதல் புறப்பாட்டிலேயே உலர்ந்து கருகாதிருப்பதற்காக.

கார்களுக்கென்று எரிபொருள் சிக்கனத்தை உத்தேசித்துச் செய்யப்பட்ட எண்ணெய்கள் சிலவற்றில், அந்தப் பூச்சை மிக வழுக்கலாக்கும் மாலிப்டினம் முதலிய சேர்க்கைகள் உண்டு. காரின் கிளட்ச் எஞ்சின் எண்ணெயில் நனையாதாகையால் அங்கே அது குணம். மோட்டார் சைக்கிளில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே எண்ணெயானால் அது தோஷம். இந்த வேறுபாட்டை முன்னிட்டே ஜப்பானிய மோட்டார் வாகனத் தரநிர்ணயத்தார் 1998-இல் 'ஜாஸோ' குறியீடுகளை வகுத்து, நனைந்த கிளட்சுக்கு ஏற்ற உராய்வு மிகுந்ததை எம்.ஏ. என்றும், குறைந்ததை எம்.பி. என்றும் பிரித்தார்கள். சிக்கனம் என்ற சொல்லில் மயங்கி, காருக்கு வாங்கியதில் மீந்த எண்ணெயை என் வண்டிக்கு ஊற்றச் சொன்னவன் நானே. அந்தப் பெருமையில் வேறு யாருக்கும் பங்கில்லை.

உராய்வு மிகுந்தால் மட்டும் போதாது என்பதற்குப் பிடில் வில் உதாரணம். ரோசனம் தடவிய வில், நிற்கையில் தந்தியை இறுகப் பிடித்து, நழுவத் தொடங்கியதும் விட்டுவிடுகிறது. மறுபடி பிடிக்கிறது, மறுபடி விடுகிறது. அந்த ஓயாத பிடிப்பும் நழுவலுமே நாதம். கிளட்சிலும் நிலை உராய்வு மிக உயர்ந்து வழுக்கு உராய்வு தாழ்ந்திருந்தால், புறப்படும்போது வண்டி உடல் நடுங்கிப் பாடத் தொடங்கும். பாடுகிற பிடில் நல்ல பிடில். பாடுகிற கிளட்சுக்குப் பிளேட்டும் எண்ணெயும் பொருந்தவில்லை என்று அர்த்தம்.

ஒரே பெயருள்ள வண்டிக்கும் எல்லாக் காலத்திலும் ஒரே உறுப்பு பொருந்தாது. சென்னையில் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் 1955-இல் கூட்டுச் சேர்ந்து, திருவொற்றியூரில் வேரூன்றிய புல்லட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட பழைய புல்லட்டில் கிளட்ச், சங்கிலிப் பெட்டிக்குள், எஞ்சினோடு கலவாத தனி எண்ணெயில் வாசம் செய்தது. பிற்காலத்தில் எஞ்சினும் கியர் பெட்டியும் ஒரே உடலாக ஆன புல்லட்டில் மூன்றுக்கும் எண்ணெய் ஒன்றே. பெட்டியின் மேலுள்ள பெயரைப் பார்த்து வாங்குகிறவர் இங்கே ஏமாறுவார். எஞ்சின் எண்ணையும் தயாரிப்பு வருஷத்தையும் கொண்டு உறுப்பு எண்ணைத் தேடுகிறவர் ஏமாற மாட்டார். ஒரிஜினல் என்றும், கம்பெனிக்கே செய்து தருபவரின் சொந்தப் பெட்டியில் வருவதென்றும், வெளித் தயாரிப்பென்றும், போலியென்றும் சந்தையில் நான்கு ஜாதிகள் உண்டு. முதலிரண்டும் சில சமயம் ஒரே பட்டறையில் பிறந்த சகோதரர்கள். மூன்றாவதில் நல்லதும் உண்டு. நாலாவது, எத்தனை மலிவானாலும், அளவுகோலின் முன்னே நிற்காது. கழித்த வண்டிகளிலிருந்து பிரித்து விற்கும் பழைய சாமான்களில், தழும்பில்லாத ஹவுசிங்கும் ஹப்பும் கிடைத்தால் வாங்கலாம். தேய்வதற்கென்றே பிறந்த பிளேட்டையும் ஸ்பிரிங்கையும் மட்டும் பிறர் உபயோகித்துக் கழித்த இடத்தில் வாங்கலாகாது.

காரவள்ளியில் அன்று வண்டி சீரானதும், அந்தப் பெரியவர் கழற்றிய ஸ்பிரிங் ஒன்றையும் புதியதையும் அருகருகே நிறுத்தி, "இந்த ஒரு மில்லிதாங்க உங்கள மலையேற விடல, மிச்சத்த எண்ணெய் பாத்துக்கிச்சு" என்று சொல்லிக் காண்பித்தார். அதற்குப் பின் உறுப்பு வாங்கச் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போகும்போதெல்லாம் ஒரு துண்டுக் காகிதம் கொண்டுபோவது எனக்கு வழக்கமாயிற்று. எஞ்சின் எண், உறுப்பு எண், பிளேட்டின் கனம், ஸ்டீல் பிளேட்டின் கனம், ஸ்பிரிங்கின் நீளம், எண்ணெயின் குறியீடு என்று ஆறு வரிகள். முன்பெல்லாம் "நல்ல செட்டாக ஒன்று கொடுங்கள்" என்று நான் கேட்டு வாங்கிய கடைக்காரர், அதை வாங்கி ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன சார், இதுல நல்லதுன்னு ஒண்ணுமே எழுதலியே?"